இடது காதில் சொன்னவை

ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது அடித்தால் எல்லோரும் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். விமானத்தின் விசிறி சுற்றப்போகிறது என்று அர்த்தம். எல்லோரும் வந்துவிட்டார்கள். அவளும் சுருட்டிய கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு கோட்டை ஒட்டி நின்றாள். வெளியே மழை... கொட்டகையின் தகரக் கூரையைப் பெயர்த்துவிடுவது போன்ற மழை.

அப்போதுதான் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான்.

தொப்பலாக நனைந்திருந்தான். மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. கையில் பழைய கருவிப் பெட்டி. அதைத் தரையில் வைத்தான். யாரையும் பார்க்கவில்லை. எதையும் கேட்கவில்லை. மஞ்சள் கோட்டைத் தாண்டி நேரே விமானத்திடம் போய், அசையாமல் நின்ற விசிறியின் றெக்கையை நோக்கிக் கையை நீட்டினான்... தூங்கும் குழந்தையின் தலையைத் தடவப் போகிறவன் மாதிரி.

"ஏங்க... கையை எடுங்க."

அவன் திரும்பவில்லை.

"கையை எடுங்கன்னு சொல்றேன்ல."

தோளிலிருந்த கேபிள் எப்போது கீழே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடினாள். அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து, பாரவண்டியை இழுக்கிற மாதிரி இழுத்தாள். இருவரும் ஈரத் தரையில் விழுந்தார்கள். ஒரு பட்டன் தெறித்து எங்கேயோ உருண்டது.

அந்த நிமிடம் விசிறி சுற்றியது.

உறுமல் இல்லை. புகை இல்லை. மழைக்கு மேலே ஒரு சத்தமும் எழவில்லை. ஒரு றெக்கை அசைந்தது. அடுத்த மூச்சில் றெக்கைகளே இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அவன் கை நீண்டிருந்த இடம் அந்த வட்டத்துக்குள் இருந்தது.

யாரோ ஓடிப்போய் நிறுத்துகிற பொத்தானை அடித்தார்கள்.

"காது கேக்கலையா உங்களுக்கு?" என்றாள். கோபத்தில் சொல்ல நினைத்தாள். குரல் நடுங்கி வந்தது.

அவன் அவளைப் பார்த்தான். மழைத் தண்ணீர் தேங்கிய பெரிய கண்கள். அவை அவள் கண்களைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தன. உதட்டில் கிரீஸ் ஏதும் ஒட்டியிருக்கிறதோ என்று புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"சட்டையை விடுங்க," என்றான்.

காலர் இன்னும் அவள் பிடியில்தான் இருந்தது.

"விடறேன். அதுக்கு முன்னாடி ஒரு நன்றி சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"பட்டன் போச்சு."

"கை போயிருக்கும்."

அவன் எழுந்து நின்று, ஓய்ந்துகொண்டிருந்த விசிறியையே பார்த்தான். முகம் வெளுத்திருந்தது.

மேடம் வந்தாள். அந்த விமானத்தை வரைந்தவள் அவள்தான். தலைமைப் பொறியாளர். ஆண்பிள்ளைக் குரல், கனமாக வரும். "இவரு பழைய என்ஜின் பட்டறையிலேருந்து இன்னைக்குத்தான் சேர்றாரு," என்றாள் எல்லோருக்கும் பொதுவாக. பிறகு அவனிடம், "அங்கே நின்னுக்கிட்டிருக்கிற விசிறின்னா செத்த விசிறி. தொட்டுச் சுத்திப் பார்ப்பீங்க. இங்கே அப்படி இல்ல. நிக்கிறதுக்கும் உயிரோட இருக்கிறதுக்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. புரியுதா?"

"புரியுது, மேடம்."

மேடம் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அவனுக்குக் கேட்டிருக்கிறது. தன் கத்தல் மட்டும் கேட்கவில்லை... திமிர் பிடித்தவன் என்று அவள் முடிவு கட்டினாள்.

சாயங்காலம் கொட்டகையைப் பெருக்கும்போது அந்தப் பட்டன் சக்கரத்தின் அடியில் கிடந்தது. குப்பையோடு தள்ளியிருக்கலாம். எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

*

அந்த விமானத்துக்கு இரண்டு உயிர். வயிற்றில் பேட்டரி. வால் பக்கம் ஒரு சின்ன டர்பைன். டர்பைன் எண்ணெயை எரித்து ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் கரண்ட் கொடுக்கும். சிறகில் இருக்கும் மோட்டார்கள் அந்தக் கரண்டை வாங்கி விசிறியைச் சுற்றும். மேலே ஏறுகிறபோது பேட்டரியும் டர்பைனும் சேர்ந்து தோள் கொடுக்கும். ஏறியபிறகு ஒன்று ஓய்வெடுக்க மற்றது சுமக்கும். எரிகிற எண்ணெய் பாதியாகும் என்பது மேடத்தின் கணக்கு.

காகிதத்தில் அது சுலபம். கொட்டகையில் பேட்டரி ஆட்களும் என்ஜின் ஆட்களும் கீரியும் பாம்புமாக இருந்தார்கள். என்ஜின் ஆட்களுக்குப் பேட்டரி ஆட்கள் வைத்த பெயர் 'புகை'. கனத்த ஆரஞ்சு நிறக் கேபிள்களை வளைத்துக் கட்டும் வேலை அவளுக்கு என்பதால் அவளுக்கு என்ஜின் ஆட்கள் வைத்த பெயர் 'ஆரஞ்சு'.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இரண்டு கோஷ்டிக்கும் சண்டை கிடையாது. பூட்டு. பேட்டரிக்குத் தூக்கம் கிடையாது. மெயின் ஸ்விட்சைத் தள்ளித்தான் கரண்டை மறிக்க முடியும். கேபிளில் கை வைக்கிற ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய பூட்டை அந்த ஸ்விட்சில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். ஒரு பூட்டு தொங்கினாலும் கரண்ட் போகாது. மாட்டியவர் மட்டும்தான் திறக்க வேண்டும். சாவியை அடுத்தவர் கையில் கொடுப்பது, உயிரைக் கொடுத்துவிட்டுப் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்வது மாதிரி.

டர்பைனைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு வந்தது. ஜெனரேட்டரிலிருந்து கேபிள் இழுக்கும் வேலை அவளுக்கு. இரண்டும் வால் பக்கத்துக் குறுகல் பொந்துக்குள். ஒருவர் முழங்கை மற்றவர் விலாவில் இடிக்காமல் அங்கே மூச்சு விட முடியாது. கேபிள் இடப்பக்கம் போவதால் அவள் எப்போதும் அவனுக்கு இடப்பக்கம்.

"அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் தர்றீங்களா?"

பதில் இல்லை.

"ஸ்பேனர் கேட்டேன்... ராஜாவுக்கு மனசு வரலை போலிருக்கு."

அதற்கும் பதில் இல்லை. ஆனால் அவள் முன்னால் நகர்ந்து அதையே மறுபடி கேட்டபோது உடனே எடுத்துக் கொடுத்தான். கொடுத்த கையில் மரியாதை இருந்தது.

கொட்டகையில் எல்லோரும் சிரித்து முடிக்கும்போது அவன் சிரிக்க ஆரம்பித்தான். யாராவது பேச்சை எடுத்தால் வலது காது முன்னால் வருகிற மாதிரி தலையைச் சற்றுத் திருப்பினான். டர்பைனை ஓட்டிப் பார்க்கும்போது மற்றவர்கள் சத்தத்தைக் கேட்டு ஆளுக்கொன்று சொல்வார்கள்; அவன் உறையின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பான்.

 இந்தத் தலைத் திருப்பல் அவளுக்குத் தெரியும். இந்தத் தாமதச் சிரிப்பு தெரியும். வாயைப் பார்க்கிற இந்தக் கண் தெரியும். தினமும் வீட்டில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறது.

அவள் அப்பா தறி மில்லில் வேலை பார்த்தவர். காது போனதை வெளியே சொன்னால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று மறைத்தார். அவள் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. "யார்கிட்டயும் சொல்லாத கண்ணு," என்றார். அவள் சொல்லவில்லை. ஒருநாள் மெஷினை ஓட்டப்போகிறோம், கையை எடு என்று யாரோ பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். இரண்டு விரல் போயிற்று.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, ஒருநாள் பொந்துக்குள் அவன் இடது காதுக்கு அருகே மெல்லச் சொன்னாள்.

"உங்க காலடியில பாம்பு."

அவன் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கூடவே கண்ணும் நிறைந்தது.

அதன்பிறகு அது பழக்கமாயிற்று. அந்தக் காது அவளுக்குக் கிணறு மாதிரி... எதைப் போட்டாலும் மேலே வராது. அக்காவோடு போட்ட சண்டையைச் சொன்னாள். முதுகு வலியைச் சொன்னாள். "இன்னைக்குத் தலை சீவிட்டு வந்திருக்கீங்க, நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஒருமுறை அவன் காய்ச்சலில் வராமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்த அன்று, "நீங்க வராத நாள்ல எனக்கு வேலையே ஓடல" என்றாள். சொல்லிவிட்டுத் தன் காதே சுட, கேபிளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் சும்மா கழுத்தைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கேபிள் முறுக்குது."

கொட்டகையில் சின்னவர் பெரியவர் எல்லோரையும் 'அண்ணே' என்பாள். அவனை மட்டும் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

*

பேட்டரியும் டர்பைனும் முதன்முதலாகச் சேர்ந்து விசிறியைச் சுற்றப்போகிற சோதனைக்கு நாள் குறித்தார்கள். யார் எங்கே நிற்பது என்று மேடம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"விசிறிக்குப் பக்கத்துல, நிறுத்துற பொத்தான் கிட்ட, டர்பைனைப் பார்க்கிற நம்ம புகை நிக்கட்டும். என்ஜின் ஏதாவது சேட்டை பண்ணினா அவருக்குத்தான் முதல்ல தெரியும். ஓடிக்கிட்டிருக்கும்போது மறுபடி ஹாரன் அடிச்சா ஆபத்துன்னு அர்த்தம், பொத்தானை அடிச்சுட்டுக் கோட்டுக்கு வெளியே ஓடிவரணும். அவ்வளவுதான்."

அவன் தலையாட்டினான்.

ஹாரன் மெல்லிசாகக் கீச்சென்று அடிக்கும். காது போகிறவர்களுக்கு முதலில் போவது அந்த மெல்லிய சத்தங்கள்தான். கனத்த குரல் கடைசிவரை நிற்கும். மேடத்தின் குரல் கேட்டதும் தன் குரல் கேட்காததும் அதனால்தான் என்று அவள் எப்போதோ புரிந்துகொண்டிருந்தாள்.

வேலை முடிந்து அவன் தண்ணீர்க் குழாயில் கை கழுவும்போது எதிரே போய் நின்றாள். முகத்துக்கு நேராக. அப்பாவிடம் பேசுவது மாதிரி மெதுவாக, வார்த்தை வார்த்தையாக.

"அந்த இடத்துல நீங்க நிக்கக் கூடாது."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்கே தெரியும்."

குழாயை அவன் மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்கப்பாவும் உங்களை மாதிரிதான். நீங்களே மேடம்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா?" என்றான். முகம் கல்லாகிவிட்டது. "இத்தனை வருஷம் என்ஜின் இரைச்சல்ல நின்னதுக்கு இந்தக் காதுதான் எனக்கு மிச்சம். இதையும் சொல்லிட்டா வேலையும் இல்ல. எனக்கு வேற என்ன தெரியும்?"

"உயிர் இருக்குமே..."

"நீங்க கேபிளைப் பாருங்க. என்னை நான் பார்த்துக்குறேன். வாயை மூடிட்டு இருந்தா அதுவே பெரிய உதவி."

கையைக்கூடத் துடைக்காமல் போய்விட்டான். குழாயை அவள்தான் மூடினாள்.

*

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைப் பாதி கேட்டதுமே நிமிர்ந்தாள்.

"யாரது, 'அவரு' 'அவரு'ங்கிறே? உனக்குத்தான் உலகத்துல எல்லாரும் அண்ணனாச்சே."

அவள் ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அடிப்பாவி." அக்கா மடித்த துணியைத் திரும்ப உதறினாள். "ஏற்கனவே வீட்ல ஒருத்தருக்குக் கத்திக் கத்தி என் தொண்டை போச்சு. இன்னொருத்தரைக் கூட்டிட்டு வராத. நான் ஊமையாயிடுவேன்."

"நீயா? ஊரு நிம்மதியா தூங்கும்."

அக்கா சிரித்துவிட்டாள். உடனே சிரிப்பை விழுங்கினாள். "விளையாட்டுக்குச் சொல்லல. அம்மா எப்படி இருந்தான்னு உனக்குத் தெரியாதா? கடைசி வருஷங்கள்ல பேசுறதையே விட்டுட்டா. கூடவே இருந்தும் தனியா இருந்தா."

அவளுக்குத் தெரியும். அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தனக்குத்தானே முணுமுணுப்பதை அவள் பார்த்திருக்கிறாள். சொல்ல இருந்ததை எல்லாம் ஜன்னலுக்குச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தவள் அம்மா. அந்தப் பொந்துக்குள் செத்த காதுக்கு இவள் சொல்லிக்கொண்டிருப்பதும் வேறென்ன?

அப்பாவின் எதிரே போய் உட்கார்ந்தாள். அவர் அவள் வாயைப் பார்க்கத் தயாரானார்.

"அப்பா. அன்னைக்கு உனக்குக் காது கேக்கலைன்னு நான் மில்லுல போய்ச் சொல்லியிருந்தா... என்னை மன்னிச்சிருப்பியா?"

அப்பா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தமாகச் சொன்னார். அவருக்கு எல்லாமே சத்தமாகத்தான் வரும்.

"ஒரு வருஷம் உன் மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்."

பிறகு, "ஆனா பத்து விரலும் இருந்திருக்கும்," என்றார்.

*

சோதனை நாளன்று காலையில் கடைசி இணைப்பை முறுக்கியவள் அவள். வழக்கம்போல உள்ளே போகும்முன் பூட்டை மாட்டியிருந்தாள். முடித்து வெளியே வந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பூட்டைக் கழற்றினார்கள். அவள் பூட்டு மட்டும் தொங்கியது.

அவன் விசிறிக்குப் பக்கத்தில், பொத்தான் அருகே நின்றிருந்தான்.

"ஆரஞ்சு, பூட்டு," என்றாள் மேடம்.

அவள் அசையவில்லை.

"என்னம்மா, வேலை பாக்கி இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்போ எடு."

"எடுக்க மாட்டேன் மேடம்."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். தகரத்தில் மழைத் தூறல் மட்டும் கேட்டது.

"ஏன்?"

அவள் வாயைத் திறந்தாள்... மூடிக்கொண்டாள். சொல்லிவிட்டால் ஒரு வார்த்தைதான். ஆனால் அது அவனுடைய வார்த்தை. அவன் சொல்ல வேண்டியது. அவன் கை மாட்டாமல் இருக்க இந்தப் பூட்டு தொங்கினால் போதும்.

"பேட்டரிக்காரங்களுக்குப் பொறாமை மேடம்," என்றது ஒரு குரல். "எங்க டர்பைன் ஓடிட்டா இவங்க கதை முடிஞ்சுதுன்னு பயம்." இன்னொருவன், "தூக்கத்துல வந்துட்டியா, வீட்டுக்குப் போய்ப் படு தாயி," என்றான். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"உன் வேலை போயிடும். தெரியுமில்ல?" மேடம் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தெரியும் மேடம்."

மேடம் பூட்டு வெட்டும் கத்தரியைக் கொண்டுவரச் சொன்னாள். கொண்டுவந்தார்கள். கையில் வாங்கி, பூட்டின் வளையத்தில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். அந்தக் கொட்டகையில் இதுவரை யாரும் யாருடைய பூட்டையும் வெட்டியதில்லை.

இவ்வளவும் அவன் காதில் சரியாக விழவில்லை. தூரம், மழை. ஆனால் அவன் வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேடத்தின் வாய் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்களின் வாய் ஏளனம் பேசியது. ஒரு வாய் மட்டும் இறுக மூடியிருந்தது. வாயை மூடிட்டு இருந்தா பெரிய உதவி என்று அவன் சொன்ன அந்த வாய்.

அவன் பொத்தானை விட்டு நடந்து வந்தான். மஞ்சள் கோட்டைத் தாண்டி மேடத்தின் முன்னால் நின்றான்.

"வெட்டாதீங்க மேடம். எனக்கு இடது காது செத்துப்போச்சு. வலதும் பாதிதான் இருக்கு. அந்த ஹாரன் எனக்குக் கேக்காது. ஒருநாளும் கேட்டதில்ல."

தன் குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கொட்டகையின் கடைசி மூலைவரை கேட்டது.

மேடம் கத்தரியைத் தாழ்த்தினாள். "சேரும்போது காது பரிசோதனை பண்ணினாங்களே."

"பரிசோதனை பண்ணின அம்மா சத்தம் விடுறதுக்குப் பொத்தானை அழுத்தறப்போ தோள் லேசா அசையும். தோள் அசைஞ்சா கை தூக்கினேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தொடரத் துணை இல்லாமல் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

"இன்னைக்கு நீங்க ஷெட்டுக்குள்ள இருக்கக் கூடாது," என்றாள் மேடம். "மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அவன் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டான். அவள் சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். சாவி வளையத்தில் ஒரு சட்டைப் பட்டன் நூலில் கட்டித் தொங்கியது. அவன் அதைப் பார்த்தான். ஒரு கணம் நின்றான். பிறகு மழைக்குள் போய்விட்டான்.

டர்பைன் ஓடியது. ஜெனரேட்டர் கரண்ட் கொடுத்தது. பேட்டரியும் அதுவும் சேர்ந்து விசிறியைச் சுற்றின. கொட்டகையில் கிடந்த தூசி எல்லாம் எழுந்து ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். கீரியும் பாம்பும் கட்டிப்பிடித்துக்கொண்டன.

அவள் மட்டும் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மழையில் அவன் நின்றிருந்தான். போகவில்லை. கொட்டகையின் தகரச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு... தன் டர்பைன் ஓடுவதைக் கையால் கேட்டுக்கொண்டிருந்தான்.

*

அதன்பிறகு அவன் வரவில்லை. வாரங்கள் போயின. வால் பொந்துக்குள் இடம் தாராளமாக இருந்தது. கை காலை நீட்டி வேலை செய்யலாம். அவளுக்கு அந்தத் தாராளம் தாங்கவில்லை. இடப்பக்கமாக ஒடுங்கி நின்றே வேலை செய்தாள்.

ஹாரனோடு பளிச் பளிச்சென்று அடிக்கும் பெரிய விளக்குகளைச் சுவர் நெடுக மாட்டினார்கள். "டர்பைன் ஓடறப்போ நாம எல்லாரும் காதடைப்பான் போட்டுக்கிறோம். அப்போ யாருக்குத்தான் ஹாரன் கேக்குது? இது எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும்," என்று மேடம் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டில் அப்பா தினமும் அவள் முகத்தைப் பார்ப்பார். எதையும் கேட்கமாட்டார். அக்கா ஒருநாள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே, "அந்த மனுஷன் இன்னும் வரலையா?" என்றாள். குரலில் சண்டை இல்லை.

"இல்ல."

"சாப்பிடு. வருவாரு."

வந்தான். தூறல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில். கொட்டகையின் பின்புறம் டர்பைனைக் கழற்றிச் சுத்தம் செய்யும் மேஜை உண்டு. அங்கே விசிறியும் இல்லை, பேட்டரியும் இல்லை. மேடம் அவனை அந்த வேலைக்குக் கூப்பிட்டிருந்தாள். அவள் போய்ப் பார்த்தபோது பிரித்துப்போட்ட பாகங்களுக்கு நடுவே நின்றிருந்தான். வலது காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவி. முடியை இழுத்து அதை மறைக்கப் பார்த்தான். முடி போதவில்லை.

அவள் பழக்கத்தில் அவனுக்கு இடப்பக்கமாகத்தான் போய் நின்றாள்.

"ஒரு வருஷம் பேச மாட்டீங்கன்னு நினைச்சேன்," என்றாள். பிறகு நினைவு வந்து, முன்னால் வந்து, அதையே மறுபடி சொன்னாள்.

"யார் சொன்னது ஒரு வருஷம்னு?"

"எங்கப்பா."

"பார்க்காமலே என்னைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்காரு." அவன் ஒரு துணியை எடுத்து ஏற்கனவே சுத்தமாக இருந்த பாகத்தைத் துடைத்தான். "கோபம் இருந்துச்சு. உங்க மேலன்னு நினைச்சேன். வீட்ல தனியா உட்கார்ந்து யோசிச்சப்போ உங்க மேல இல்லைன்னு தெரிஞ்சுது. அன்னைக்கு நீங்க சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. உங்க வேலைக்கு ஆபத்தே வந்திருக்காது. நீங்க சொல்லல. அதை எனக்கு விட்டுவச்சீங்க."

அவள் தரையைப் பார்த்தாள். உடனே தலையை நிமிர்த்தினாள். குனிந்தால் அவனுக்கு வாய் தெரியாது.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது," என்றான். "காது இல்லாதவன். வேலையிலயும் பாதிதான் மிச்சம். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அந்தப் பட்டனைப் பார்த்ததுலேருந்து இல்ல... காலரைப் பிடிச்சு இழுத்தீங்களே, அப்பலேருந்து. சொல்லணும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

துணியைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு கேக்கணும். அந்தப் பொந்துக்குள்ள என் இடப்பக்கம் நின்னு ஏதோ சொல்லிட்டே இருப்பீங்க. காதுல விழாது. ஆனா கழுத்துல மூச்சு படும். சும்மா விடுற மூச்சு ஒரே சீரா வரும். பேசுற மூச்சு விட்டு விட்டு வரும். அவ்வளவு நாளா என்ன சொன்னீங்க?"

அவளுக்கு முகம் முழுக்கச் சூடேறியது. கிணறு என்று நினைத்துப் போட்டதெல்லாம்...

"பாம்பு இருக்குன்னு சொன்னேன்."

"பாம்பா?"

"முதல் நாள் மட்டும்."

"அப்புறம்?"

தூறல் வலுத்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. அவளுக்கு அம்மாவின் ஜன்னல் நினைவுக்கு வந்தது. மேஜையைச் சுற்றி நடந்தாள். அவனுடைய வலப்பக்கம் போய், அந்தச் சின்னக் கருவிக்கு அருகில் நின்றாள். அவன் பழக்கத்தில் முகத்தைத் திருப்பி அவள் வாயைப் பார்த்தான். பிறகு, என்ன நினைத்தானோ, திரும்பிக்கொண்டு கண்களை மூடினான்.

அவள் சொன்னாள். மெல்ல, தன் சொந்தக் குரலில்.

"நீங்க வராத நாள்ல எனக்கு வேலையே ஓடல. நீங்க வந்தா முதுகு வலி தெரியல. இனிமே எனக்கு எதைச் சொல்லணும்னாலும்... உங்ககிட்ட சொல்லணும்."

அவன் அசையாமல் நின்றான். மூடிய இமைகளின் ஓரம் ஈரமாயிற்று.

அவள் காத்திருந்தாள். பிறகு பயந்துபோய், "காது கேக்கலையா உங்களுக்கு?" என்றாள்.

"கேட்டுச்சு," என்றான் கண்ணைத் திறக்காமல். "இன்னொரு தடவை சொல்லுங்க."